அம்பேத்கரை எதிர்த்து நின்ற பந்துவீச்சாளர்

1937ஆம் ஆண்டு, பம்பாய் மாகாணச் சட்டமன்றத் தேர்தல். பைகுல்லா, பரேல் வட்டாரம். மில் சங்குக்கு எழுந்து மில் சங்குக்குப் படுக்கும் தொழிலாளர் குடியிருப்புகள். அங்கே டாக்டர் அம்பேத்கர் வாங்கிய ஓட்டு 13,245. அவருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் வாங்கியது 11,225. இரண்டாயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம்.

அந்த வேட்பாளரும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். பெயர் பல்வங்கர் பாலு. அப்போது அவருக்கு அறுபது வயது. அம்பேத்கர் தன் இளம் வயதில் யாருக்குப் பாராட்டுக் கூட்டம் கூட்டினாரோ அதே மனிதர். இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்து போய், நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்துவிட்டுத் திரும்பிய இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்.

‘ஒரு தலித்தை வைத்து இன்னொரு தலித்தை வீழ்த்தப் பார்த்தது காங்கிரஸ்’ என்று ஒரு வரியில் இந்தக் கதையை முடித்துவிடலாம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. அம்பேத்கர் மகர் சாதி, பாலு தோல் வேலை செய்யும் சமார் சாதி. ஓட்டு எங்கே பிரியும் என்ற கணக்குப் போடாமலா ஆளை நிறுத்தியிருப்பார்கள்? ஆனால் அதோடு நிறுத்தினால் பாலு யாரோ நகர்த்திய காயாக மட்டுமே தெரிவார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து ஒரு முடிவுக்கு வந்து, அதன்படி நின்றவர் அவர். அதே வாழ்க்கையை எடுத்து வைத்துக்கொண்டு நேரெதிரான முடிவுக்கும் வர முடியும். அம்பேத்கர் வந்தது அந்த முடிவுக்குத்தான். இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது புரிய வேண்டுமானால், தேர்தலை விட்டுவிட்டு மைதானத்துக்குப் போக வேண்டும்.

நாலு ரூபாய்ச் சம்பளம், விக்கெட்டுக்கு எட்டணா

பாலு 1876இல் தார்வாடில் பிறந்தார். குடும்பத்துக்குப் பூர்வீகம் கொங்கணக் கரையில் உள்ள பல்வன் என்ற கிராமம். பல்வங்கர் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அப்பா ராணுவத்தில் வேலை பார்த்தவர். பூனாவில், வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடித் தேய்ந்து தூக்கிப் போட்ட மட்டையையும் பந்தையும் வைத்துக்கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆடக் கற்றுக்கொண்டார்கள்.

முதல் வேலை ஒரு பார்சி கிளப்பில். பிட்ச்சைக் கூட்டுவது, உருளை இழுப்பது. மாதச் சம்பளம் மூன்று ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். அங்கே ஒரு ரூபாய் கூடுதல். வலை கட்டுவது, கோடு போடுவது, சில சமயம் டென்னிஸ் களத்தையும் பார்த்துக்கொள்வது. வலைப்பயிற்சிக்கு ஆள் குறைந்த ஒரு நாள், அங்கிருந்த ஒரு வெள்ளைக்காரர் பந்தை எடுத்து இவரிடம் கொடுத்திருக்கிறார். அதன்பிறகு அந்தக் கையைச் சும்மா விட யாருக்கும் மனம் வரவில்லை.

ஜே. ஜி. கிரெய்க் என்று ஒரு ராணுவ அதிகாரி இருந்தார். அன்றைக்கு இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களில் சிறந்த மட்டையாளர் என்று பெயர் எடுத்தவர். பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து உச்சரித்து ‘ஜங்லி’ என்று கூப்பிடுவார்கள். இவர் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து பாலுவைப் பந்து போடச் சொல்வாராம். தன்னை ஒரு தடவை அவுட் ஆக்கினால் எட்டணா கொடுப்பாராம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் நாலு ரூபாய்க்காரன் கிரெய்க்கை எட்டுத் தடவை வீழ்த்திவிட்டால் சம்பளம் இரட்டிப்பு. இதைவிடக் கறாரான பயிற்சிப் பள்ளி எங்கே கிடைக்கும்?

பிற்காலத்தில் பாலு தன் மகனிடம் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். பூனா கிளப்பில் எத்தனையோ நூறு மணி நேரம் பந்து போட்டிருக்கிறேன், ஒரு நாள்கூட என் கையில் மட்டையைக் கொடுத்ததில்லை என்று. கிரிக்கெட்டுக்குள்ளேயே ஒரு சாதி இருந்தது. மட்டை பிடிப்பவர் துரை, பந்து போடுபவர் வேலையாள். இங்கிலாந்திலும் அப்படித்தான், பிரபுக்கள் மட்டை பிடிப்பார்கள், கூலிக்கு ஆடுபவர்கள் பந்து வீசி வியர்ப்பார்கள். அந்த ஏற்பாடு இந்தியாவுக்கு வந்தபோது இங்கே ஏற்கெனவே இருந்த ஏணியின்மேல் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. பந்து போடுவது உழைப்பு. உழைப்பதற்கு ஆள் இருக்கிறான்.

பந்தைத் தொடலாம், குவளையைத் தொடக் கூடாது

பூனாவின் இந்துக்களுக்கும் ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. பூனா கிளப்பின் வெள்ளைக்காரர்களை எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. வெள்ளைக்காரர்களின் சிறந்த மட்டையாளரையே தினமும் திணற வைக்கும் ஆள் அதே ஊரில் இருக்கிறான். ஆனால் அவன் சமார். சேர்த்துக்கொள்ளலாமா?

அணிக்குள் விவாதம் நடந்தது. பிராமண ஆட்டக்காரர்கள் சிலர் முடியாது என்றார்கள். பாலுவை விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான் என்ற பொருளில் கிரெய்க்கே சொன்னதாக ஒரு செய்தி உண்டு. ஜெயிக்கும் ஆசை கடைசியில் தீட்டை வென்றது. ஆனால் பாதிதான் வென்றது.

மைதானத்தில் எல்லோரும் அவர் தொட்ட பந்தையே தொட்டார்கள். அந்தப் பந்து தோலால் ஆனது என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம். எந்தத் தோலைத் தொட்டதற்காக ஒரு சாதியையே ஊருக்கு வெளியே நிறுத்தினார்களோ, அந்தத் தோலைப் பிராமண ஃபீல்டர்கள் கால்சட்டையில் துடைத்துப் பளபளப்பாக்கினார்கள். தேநீர் இடைவேளை வந்தால் மட்டும் கணக்கு மாறிவிடும். மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பாலுவுக்குப் பெவிலியனுக்கு வெளியே, குடித்ததும் தூக்கி எறிகிற மண்குவளையில் தேநீர். முகம் கழுவத் தண்ணீர் வேண்டுமென்றால், இன்னொரு தீண்டத்தகாத வேலையாள் மைதானத்தின் ஓரத்தில் நின்று அவர் கையில் ஊற்றுவான். சாப்பாடு தனித் தட்டில், தனி மேஜையில். நம் ஊர் டீக்கடைகளில் இரட்டைக் குவளை என்று பேசுகிறோமே, அதன் கிரிக்கெட் வடிவம் இது.

சாதாராவில் ஒரு ஆட்டம். அங்கிருந்த வெள்ளைக்கார அணி பாலுவின் பந்து திரும்பக் கூடாது என்று ஒரு வாரம் பிட்ச்சை உருட்டிக் கல்லாக்கி வைத்திருந்ததாம். அதிலும் ஏழு விக்கெட் எடுத்தார். ஊர் திரும்பியதும் பாராட்டுக் கூட்டம். நீதிபதி மகாதேவ் கோவிந்த் ரானடே, பாலுவோடு சேர்ந்து ஆட முடிகிறவர்களால் ஏன் சேர்ந்து சாப்பிட முடியவில்லை என்று கேட்டார். சமூகச் சீர்திருத்த விஷயத்தில் ரானடேயோடு ஒத்துப்போகாத திலகரும் பின்னர் மேடையில் பாலுவைப் புகழ்ந்தார். ஒரு ஸ்லோ பவுலர் இந்த இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தியது சாதாரண விஷயம் அல்ல. இதைப் பாலு மறந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பிறகு பிளேக் வந்தது. 1896இல் தொடங்கி பம்பாய் மாகாணத்தையே உலுக்கிய கொள்ளைநோய். குடும்பம் பூனாவை விட்டுப் பம்பாய்க்குப் போனது. பம்பாயில் ஆட்டமே மதவாரியாகத்தான் நடந்தது. பார்சிகளுக்கு ஒரு ஜிம்கானா, முஸ்லிம்களுக்கு ஒன்று, இந்துக்களுக்கு 1894இல் தொடங்கிய பி. ஜே. ஹிந்து ஜிம்கானா. அதில் பாலுவைச் சேர்ப்பதற்கும் எதிர்ப்பு எழுந்தது. அணித் தலைமை அடம்பிடித்துச் சேர்த்துக்கொண்டது. பி.பி.சி.ஐ. ரயில்வேயில் வேலையும் கிடைத்தது.

1906: 242, 191, 160, 102

1905 அக்டோபரில் வங்காளம் பிரிக்கப்பட்டது. சுதேசி இயக்கம் சூடுபிடித்திருந்த நேரம். 1906 பிப்ரவரியில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் இந்துக்களும் ஐரோப்பியர்களும் மோதினார்கள். இந்துக்கள் 242. ஐரோப்பியர்கள் 191. இரண்டாவது இன்னிங்ஸில் இந்துக்கள் 160. ஜெயிக்க 212 வேண்டும் என்ற நிலையில் ஐரோப்பியர்கள் 102க்குச் சுருண்டார்கள். பந்து வீசிச் சுருட்டியவர்கள் பாலுவும் எராஷாவும்.

109 ரன் வித்தியாசத்தில் வெள்ளைக்காரர்களை ஜெயித்தது அரசியல் வெற்றியாகவே கொண்டாடப்பட்டது. ஆனால் சில பத்திரிகைகள் இன்னொன்றையும் கவனித்தன. பம்பாயின் ‘இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்’, சமார் சகோதரர்களை ஹிந்து ஜிம்கானாவில் சேர்த்துக்கொண்டது ஆயிரக்கணக்கான இந்து இளைஞர்களின் மனத்தை விசாலப்படுத்திவிட்டது, வேறு எந்த முயற்சியும் இந்த அளவு செய்யவில்லை என்ற பொருளில் எழுதியது. ஜிம்கானாவின் சாப்பாட்டு மேஜையில் இப்போது பாலுவும் மற்றவர்களோடு உட்கார்ந்தார். பூனாவின் மண்குவளையிலிருந்து பம்பாயின் பொது மேஜைக்கு வந்து சேரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. யாரும் சட்டம் போடவில்லை. போராட்டமும் இல்லை. அவர் பந்து போட்டார், விக்கெட் விழுந்தது, கதவு கொஞ்சம் திறந்தது. மறுபடி போட்டார், இன்னும் கொஞ்சம் திறந்தது.

திறமையைக் காட்டு, பொறுத்திரு, மேல்சாதிக்காரன் மனம் மாறுவான். பாலுவின் பிற்கால அரசியல் முழுவதும் இந்த அனுபவத்திலிருந்து முளைத்தது என்பது என் கணிப்பு.

பாட்டியாலா மகாராஜாவும் முப்பத்தைந்து வயதுக்காரரும்

1911இல் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடிய ஆண்டு. கேப்டன், பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது இன்னும் இருபது ஆகவில்லை. மகாராஜாவுக்கு லண்டனில் விருந்துகளும் அழைப்புகளும் நிறைய. பெரும்பாலான ஆட்டங்களில் அவர் இல்லை. அணி 23 ஆட்டங்கள் ஆடி ஆறில் ஜெயித்தது, பதினைந்தில் தோற்றது.

பாலு 114 விக்கெட் எடுத்தார். விக்கெட்டுக்கு 19 ரன்னுக்கும் குறைவு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 103 ரன் கொடுத்து எட்டு விக்கெட். லெஸ்டர்ஷயரை அணி தோற்கடித்தபோது இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பதினொன்று. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. அவருடைய பந்துவீச்சின் உச்சம் அதற்கு முன்பே, கணக்கில் எழுதப்படாத பூனா வலைகளில் கழிந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. முதல்தர ஆட்டங்களில் அவர் பெயரில் இருப்பது 33 ஆட்டங்கள், 179 விக்கெட், சராசரி 15.21. அந்தக் கணக்கே அவருடைய முப்பதை ஒட்டிய வயதில்தான் தொடங்குகிறது.

திரும்பி வந்தபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்குப் பெரிய வரவேற்பு கொடுத்தார்கள். அம்பேத்கர் அப்போது எல்ஃபின்ஸ்டன் கல்லூரி மாணவர், இருபது வயது. பாலுவுக்கான வரவேற்பில் அவர் முன்னின்றார் என்றும், மேடையில் அவர் பேசிய முதல் பேச்சுகளில் ஒன்று பாலுவைப் பற்றியது என்றும் சொல்வார்கள். பின்னாளில் பாலுவைப் பம்பாய் மாநகராட்சிக்கு நியமன உறுப்பினராக்கவும் அம்பேத்கர் முயன்றிருக்கிறார். தன் சமூகத்திலிருந்து ஊர் முழுக்கப் பெயர் தெரிந்த முதல் மனிதர். இளைஞனுக்கு நாயகனாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

கேப்டன் பதவி

இனி வருவதுதான் பாலுவின் கதையில் சிக்கலான இடம். பாராட்டுரைகள் இதை வேகமாகத் தாண்டிவிடும்.

1912இல் முஸ்லிம் அணியும் சேர, பம்பாய்ப் போட்டி நான்கு அணிகளின் போட்டியானது. இந்து அணியில் பாலு மட்டுமல்ல, தம்பிகள் சிவராம், கண்பத், விட்டல் எல்லோருமே ஆடினார்கள். விட்டல் அந்தக் காலத்தின் நல்ல மட்டையாளர்களில் ஒருவர். அனுபவத்தைப் பார்த்தால், ஆட்ட ஞானத்தைப் பார்த்தால், பாலு எப்போதோ கேப்டனாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஆண்டுக்கு ஆண்டு பிராமணரோ வேறு மேல்சாதிக்காரரோ கேப்டன். விக்கெட் வேண்டும் என்றால் பாலு. டாஸ் போட வேறு ஆள்.

கிரிக்கெட்டில் கேப்டன் என்றால் என்ன? நீ அங்கே நில், நீ இங்கே வா, உன் ஓவர் முடிந்தது என்று சொல்கிறவர். ஒரு சமார் ஒரு பிராமணரைப் பார்த்து ‘பவுண்டரிக்குப் போங்கள்’ என்று கைகாட்டுவது. சேர்ந்து சாப்பிடுவதைவிட இது பெரிய விஷயம். பக்கத்தில் உட்கார அனுமதிப்பது பெருந்தன்மை. அவர் சொல் கேட்டு நடப்பது வேறு.

1920இல் இது வெடித்தது. வழக்கமான கேப்டன் எம். டி. பைக்கு உடல்நலமில்லை. அடுத்து விட்டல்தான் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். தேர்வுக்குழு பூனாவின் டி. பி. தேவ்தரைக் கேப்டனாக்கியது, அதோடு பாலுவை அணியிலிருந்தே நீக்கியது. விட்டலும் சிவராமும் ஆட மறுத்து, காரணத்தைப் பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். சாதி தவிர வேறு எதுவும் குறுக்கே நிற்கவில்லை என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம். பம்பாய் பத்திரிகைகளில் வாசகர் கடிதங்கள் குவிந்தன. ஒத்துழையாமை இயக்கத்தின் காலம் அது. தீண்டாமை ஒழியாமல் சுயராஜ்யம் இல்லை என்று காந்தி சொல்லிக்கொண்டிருந்த காலம். தேர்வுக்குழு இறங்கி வந்தது. இறுதி ஆட்டத்துக்குப் பை திரும்பினார், பாலு துணைக் கேப்டன் ஆனார், தம்பிகளும் வந்தார்கள். ஆட்டத்தின் நடுவே பை சிறிது நேரம் களத்தை விட்டு வெளியே போய்விட்டார். அந்தக் கொஞ்ச நேரம் பாலு ஃபீல்டர்களை நிறுத்தினார். நாற்பத்து நாலு வயதில், ஓய்வு பெறும் தறுவாயில்.

மூன்று ஆண்டு கழித்து, 1923இல், விட்டல் கேப்டனானார். அவர் தலைமையில் இந்துக்கள் 1923, 1925, 1926 என்று கோப்பையை வென்றார்கள். மேல்சாதி ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது கேள்வி இதுதான். 1920இல் கதவைத் திறந்தது எது? இருபது ஆண்டுகளாக எடுத்த விக்கெட்டுகளா, இல்லை இரண்டு தம்பிகள் ‘ஆட மாட்டோம்’ என்று சொன்ன அந்த ஒரு கடிதமா? விக்கெட் மட்டும் போதுமென்றால் 1911இலேயே திறந்திருக்க வேண்டும். பாலு இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தார், அம்பேத்கர் வேறொரு பதில் வைத்திருந்தார்.

யார் தேர்ந்தெடுப்பது?

1932 ஜூன் 25 அன்று இந்திய அணி லார்ட்ஸில் தன் முதல் டெஸ்ட்டை ஆடியது. களத்தில் தலைமை தாங்கியவர் சி. கே. நாயுடு. பாலுவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. டெஸ்ட் அவருக்கு இருபது ஆண்டு தாமதம். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் அவர் வேறொரு பட்டியலில் இடம் பிடித்தார்.

ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்திருந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு 71 தனித் தொகுதி இடங்கள். அவற்றில் அவர்கள் மட்டுமே ஓட்டுப் போடுவார்கள், பொதுத் தொகுதியிலும் அவர்களுக்கு ஓட்டு உண்டு. எரவாடா சிறையில் இருந்த காந்தி இதை எதிர்த்துச் செப்டம்பர் 20 அன்று சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 71லிருந்து 148 ஆகக் கூடின. பதிலுக்குத் தனித் தொகுதி போனது. தாழ்த்தப்பட்டோர் மட்டும் வாக்களித்து நான்கு பேரை முதலில் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் யார் ஜெயிப்பது என்பதைத் தொகுதியின் எல்லா வாக்காளர்களும் சேர்ந்து முடிவு செய்வார்கள்.

கையெழுத்துப் போட்டவர்களில் பாலுவும் உண்டு. சென்னையிலிருந்து போன இரண்டு பேரும் உண்டு. ஒருவர் ரெட்டைமலை சீனிவாசன். அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போய்த் தனித் தொகுதி கேட்டவர். இன்னொருவர் எம். சி. ராஜா, அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே இந்து மகாசபையின் மூஞ்சேயோடு, எல்லோரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத் தொகுதி முறைக்கு உடன்பாடு செய்துகொண்டவர். பாலு நின்றது ராஜா பக்கம். உண்ணாவிரத நாட்களில் காந்தியின் உயிரைக் காப்பாற்ற விட்டுக்கொடுக்கும்படி அம்பேத்கரிடம் பேசியவர்களில் இந்த இருவரும் முக்கியமானவர்கள்.

கூட்டுத் தொகுதியா, தனித் தொகுதியா என்ற சண்டையைக் கிரிக்கெட் மொழிக்கு மாற்றினால் சட்டென்று விளங்கும். தேர்வுக்குழுவில் யார் உட்கார்வது? கூட்டுத் தொகுதியில் தலித் உறுப்பினர் உண்டு. ஆனால் பெரும்பான்மை வாக்கு மேல்சாதியினரிடம். எந்த தலித் உள்ளே வருவது என்பதை அவர்களே கடைசியில் தீர்மானிப்பார்கள். அவர்களுக்கு இணக்கமானவர் ஜெயிப்பார், முரண்டு பிடிப்பவர் வெளியே. அம்பேத்கரின் பயம் அது. அணியில் இடம் உண்டு, ஆனால் அணியைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாங்கள் என்றால், 1920இல் பாலுவுக்கு நடந்தது நாளைக்கு எவருக்கும் நடக்கும். ஹிந்து ஜிம்கானாவின் தேர்வுக்குழு எப்படி வேலை செய்யும் என்பதைப் பாலுவைவிட நன்றாக அறிந்தவர் யார்? இருந்தும் அவர் கூட்டுத் தொகுதிக்குக் கையெழுத்திட்டார். ஏனென்றால் அவர் நினைவில் ஆழமாகப் பதிந்திருந்தது நீக்கப்பட்ட நாள் அல்ல, திரும்ப அழைக்கப்பட்ட நாள்.

அம்பேத்கரும் முதலில் கதவைத் தட்டித்தான் பார்த்தார். 1927 மார்ச்சில் மகாடில் பொதுக் குளத்துத் தண்ணீரைக் குடிக்கும் போராட்டம். 1930 மார்ச்சில் நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம்; ஆண்டுக்கணக்கில் நடந்தும் கோயில் திறக்கவில்லை. 1935 அக்டோபர் 13 அன்று யேவலாவில் ‘இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன்’ என்று அறிவித்தார். பாலு அந்த அறிவிப்பை எதிர்த்தார். மதம் மாறுவது தங்கள் மக்களுக்குத் தற்கொலைக்குச் சமம் என்பது அவர் நிலை. இந்து அணியின் வெற்றிக்காக இருபது ஆண்டு உழைத்த மனிதருக்கு ‘இந்து’ என்ற சொல் வெறும் மதப் பெயர் இல்லை; தன் சொந்த உழைப்பால் உள்ளே நுழைந்து சம்பாதித்த இடம். அதை விட்டுவிட்டு வா என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அரசியலில் அந்த இடம் அவருக்கு என்ன கொடுத்தது என்பது வேறு கதை. 1933இல் இந்து மகாசபை சார்பில் பம்பாய் மாநகராட்சிக்கு நின்று தோற்றார். 1937இல் காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது, பாலு சட்டமன்றத்துக்கு வெளியே இருந்தார். அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி முதல் தேர்தலிலேயே பதினைந்தை ஒட்டிய இடங்களைப் பிடித்தது.

அவரோடு ஒரே பக்கம் நின்ற எம். சி. ராஜாவின் அனுபவமும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டியது. 1938இல் சென்னைச் சட்டமன்றத்தில் ராஜா கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். காங்கிரஸ் பிரதமர் (மாகாண முதல்வரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) ராஜாஜி அதைத் திரும்பப் பெறச் சொன்னார். ராஜா மறுத்து வாக்கெடுப்புக்கு விட்டார், மசோதா தோற்றது. பூனாவில் யாரை நம்பிக் கையெழுத்திட்டாரோ அந்தக் கட்சியின் ஓட்டால் தோற்றது. மனம் கசந்து காந்திக்கே எழுதினார். 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது ராஜா அம்பேத்கரோடு நின்றார். பாலு அப்படிப் பக்கம் மாறவில்லை.

1937 தேர்தலில் பாலுவுக்கு விழுந்த 11,225 வாக்குகளை நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. அதில் காங்கிரஸ் அலை உண்டு, சாதிக் கணக்கு உண்டு. சிறுவனாக மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்று பாலுவின் பந்து திரும்புவதைப் பார்த்த யாரோ சிலர் போட்ட ஓட்டும் உண்டு என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

மதவாரிக் கிரிக்கெட் போட்டியை 1940 டிசம்பரில் காந்தி கண்டித்தார். 1946இல் அது நின்றுபோனது. இந்து அணி என்று ஒன்றே இல்லாமல் போயிற்று. விட்டல் தன் ஆட்ட வாழ்க்கையை மராத்தியில் எழுதி 1948இல் வெளியிட்டார். பாலு எதுவும் எழுதி வைக்கவில்லை. 1955 ஜூலையில் பம்பாயில் காலமானார். அடுத்த ஆண்டு அக்டோபர் 14 அன்று நாக்பூரில், லட்சக்கணக்கானோர் சூழ, அம்பேத்கர் பௌத்தம் தழுவினார்.